ஸ்காட்லாந்தும் நிபுணர்களும்

"ஸ்காட்லாந்து சுதந்திர தேசமாக இருக்க வேண்டுமா?"

ஆங்கிலத்தில் ஆறே வார்த்தைகள் கொண்ட கேள்வி. 2014-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி வியாழக்கிழமையன்று ஸ்காட்லாந்து ஜனங்கள் இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ குறியிட்டுக் கொடுத்தார்கள். கேள்வி முதலில் இப்படி இருக்கவில்லை. "சுதந்திர தேசமாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றுதான் எடின்பரோ சர்க்கார் எழுதியிருந்தது. தேர்தல் கமிஷன் அதைப் பரிசீலித்து, "ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மனிதர்கள் ஆம் என்று சொல்லவே சாய்வார்கள், அந்த வார்த்தை வேண்டாம்" என்று யோசனை கூறிற்று. சர்க்காரும் அதை ஏற்று வாசகத்தை மாற்றிவிட்டது.

ஒரே ஒரு வார்த்தையின் சாய்வுக்கு இவ்வளவு ஜாக்கிரதை! ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன் இரண்டு வருஷ காலம் ஒரு குடியானவனோ, மீனவனோ, கடைச் சிப்பந்தியோ படித்ததும் கேட்டதும் லட்சக்கணக்கான வார்த்தைகள். அவற்றின் சாய்வைச் சோதிக்க எந்தக் கமிஷன் இருந்தது? இந்த விஷயத்தைப் பற்றித்தான் இங்கே எழுத எண்ணம்.

முடிவு என்னவோ நேயர்கள் அறிந்ததே. 'இல்லை' என்றவர்கள் 20,01,926 பேர். 'ஆம்' என்றவர்கள் 16,17,989 பேர். அதாவது நூற்றுக்கு 55.3-க்கு எதிராக 44.7. வாக்குரிமை பெற்றவர்களில் நூற்றுக்கு 84.6 பேர் வந்து வோட்டளித்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் வோட்டு இருந்தது. ஒரு துளி ரத்தம் சிந்தாமல், ஒருவரையும் சிறைக்கு அனுப்பாமல், ஒரு தேசம் பிரிவதா சேர்ந்திருப்பதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டது உலகத்தில் அபூர்வமான காரியம். அந்தப் பெருமையை லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நாம் தாராளமாகக் கொடுத்துவிடலாம். கேட்ட முறையில் குறை சொல்ல அதிகமில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்ன முறைதான் சங்கடமானது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையில் சேணமில்லாத குதிரை மீது வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். சாம்ராஜ்யத்தைக் கட்டுவதில் அவர்கள் கை கொடுத்தவர்கள். அதன் லாபத்திலும் பங்கு பெற்றவர்கள். எனவே அவர்களை அடிமைப்பட்ட ஜாதி என்று சொல்வது அதிகப்படி. ஆயினும் 1707-இல் அவர்கள் பார்லிமெண்ட் தன்னைத் தானே கலைத்துக்கொண்ட கதை அவ்வளவு அழகான கதையல்ல. பனாமாப் பக்கத்தில் டேரியன் என்னுமிடத்தில் குடியேற்றம் ஏற்படுத்தப் போய்த் தேசத்தின் செல்வத்தில் பெரும் பகுதியை அவர்கள் இழந்திருந்த சமயம் அது. இணைப்பு ஒப்பந்தத்தின் 15-வது ஷரத்துப்படி இங்கிலாந்து 3,98,085 பவுன் 10 ஷில்லிங் கொடுத்தது. அந்தப் பத்து ஷில்லிங்கைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! கணக்கும் கணக்கு நிபுணர்களும் அந்த நாட்டின் அரசியலில் நுழைந்தது 2014-இல் அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனிப் பத்திரிகைகளைப் பார்ப்போம்.

ஓட்டெடுப்பு நடந்த காலத்தில் ஸ்காட்லாந்தில் விற்பனையான தினசரிகளில் ஒன்றேனும் சுதந்திரத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதவில்லை. 'ஸ்காட்டிஷ் சன்' எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. வாரப் பத்திரிகைகளில் 'ஸண்டே ஹெரால்டு' ஒன்றே 2014 மே மாதம் 4-ந் தேதி 'ஆம்' என்று பகிரங்கமாகச் சொன்னது. அதன் அட்டைக்குச் சித்திரம் போட்டுக் கொடுத்தவர் நாவலாசிரியரும் சித்திரக்காரருமான அலஸ்டேர் கிரே. நூற்றுக்கு 45 பேர் விரும்பிய ஒரு காரியத்துக்கு அந்தத் தேசத்தில் குரல் கொடுத்த பத்திரிகை ஒன்றே ஒன்று! எந்த வியாபாரியும் இவ்வளவு பெரிய வாடிக்கையைக் கைவிட மாட்டான். ஆகவே இதற்கு வியாபாரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 'டெய்லி ரிக்கார்டு' லண்டன் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. 'ஹெரால்டு' பத்திரிகையின் தாய்க் கம்பெனி அமெரிக்காவில். 'சன்' பத்திரிகை மர்டாக்கினுடையது. முதலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்துதான் தேசம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்று தோன்றும்.

இருந்தாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பத்திரிகைக்குத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லும் உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவன் அது இன்ன பட்சம் என்று தெரிந்தே வாங்குகிறான். பிடிக்காவிட்டால் அடுத்த நாள் வாங்காமல் இருக்கலாம். பி.பி.சி. விஷயம் அப்படியல்ல. டெலிவிஷன் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதற்கு லைசென்ஸ் பணம் கட்டியாக வேண்டும். நடுநிலைமை வகிப்பது அதன் சாஸனத்திலேயே விதிக்கப்பட்ட கடமை. ஆகையால் அதன்மேல் வந்த புகார்தான் கனமான புகார்.

மேற்கு ஸ்காட்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ராபர்ட்ஸன் என்னும் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். 2012 செப்டம்பர் முதல் 2013 செப்டம்பர் வரை ஒரு வருஷ காலம் பி.பி.சி.யின் மாலைச் செய்திகளையும், தனியார் ஸ்தாபனமான எஸ்.டி.வி.யின் மாலைச் செய்திகளையும் வரி வரியாகக் கேட்டு, 'ஆம்' பக்கத்துக்கு அனுகூலமானவை எத்தனை, 'இல்லை' பக்கத்துக்கு அனுகூலமானவை எத்தனை என்று எண்ணினார். ஏறக்குறைய இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் 'இல்லை' பக்கம் ஓங்கியிருந்தது என்று 2014 ஜனவரியில் வெளியிட்டார். பி.பி.சி. அவர் கணக்கையும் முறையையும் மறுத்து அவருக்கு எழுதியது. அவருடைய சர்வகலாசாலைத் தலைவருக்கும் அதன் நகல் போயிற்று. வாத்தியார் எழுதிய கட்டுரை பிடிக்காவிட்டால் தலைமையாசிரியருக்குப் பிராது எழுதுவது சீமையிலும் உண்டு போலும்! பார்லிமெண்ட் கமிட்டியின் முன் மார்ச் மாதத்தில் அவர் சாட்சியம் சொன்னார்.

வெறும் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்று பி.பி.சி. தரப்பில் சொன்னதில் சாரம் இல்லாமல் இல்லை. பிரிவினைக்கு எதிராகப் பெரிய கட்சிகள் மூன்று இருந்தன. மூன்று கட்சியும் மூன்று அறிக்கை விட்டால் மூன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ராபர்ட்ஸன் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அவர் கண்ட மற்ற விஷயங்கள் என் மனத்தில் அதிகமாகத் தைத்தன. செய்தி பெரும்பாலும் ஓர் 'எச்சரிக்கை'யோடு தொடங்கும். சுதந்திரக் கட்சியார் அதற்குப் 'பதில்' சொல்வார்கள். எச்சரிக்கிறவர் எப்போதும் முதலில். பதில் சொல்கிறவர் எப்போதும் இரண்டாவதாக. எச்சரிக்கை ஒரு நிபுணருடையதாகவோ, 'சுயேச்சையான' ஆராய்ச்சி ஸ்தாபனத்தினுடையதாகவோ இருக்கும். பதில் ஓர் அரசியல்வாதியினுடையதாக இருக்கும். லட்சக்கணக்கான ஜனங்களின் விருப்பம் 'சால்மண்டின் ஆசை' என்று ஒரு தனி மனிதருடைய சபலமாகச் சுருங்கிப் போகும். இதில் எங்கே பொய்? ஒரு வாக்கியம்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டு வழக்கைப் பிராது கொடுத்தவன் முதலில் சொல்லி, மற்றவன் "அப்படி இல்லை, ஐயா" என்று மாத்திரம் சொல்லும்படி வைத்துவிட்டால், கேட்கிற பஞ்சாயத்தார் யாரைச் சந்தேகிப்பார்கள்? அது போலத்தான்.

அலெக்ஸ் சால்மண்ட் அப்போது ஸ்காட்லாந்தின் முதல் மந்திரி. அவர் 2024 அக்டோபரில் காலமானார். எதிர்த் தரப்புக்குத் தலைமை வகித்த ஆலிஸ்டேர் டார்லிங் அதற்கு முந்திய வருஷமே போய்விட்டார். இருவரும் சாமர்த்தியசாலிகள். 2014 செப்டம்பர் 11-ந் தேதி சால்மண்ட் வெளிநாட்டு நிருபர்களைக் கூட்டிப் பேசியபோது, பி.பி.சி.யின் அரசியல் ஆசிரியர் நிக் ராபின்ஸன் ஒரு கேள்வி கேட்டார். ராயல் பாங்க் தன் தலைமைக் காரியாலயத்தை லண்டனுக்கு மாற்றப்போவதாக அன்றுதான் செய்தி வந்திருந்தது. அதனால் வரும் வரி நஷ்டம் என்ன, பெரிய பாங்குக்காரர்களை விட்டு அரசியல்வாதியான உம்மை ஜனங்கள் ஏன் நம்ப வேண்டும் என்பது கேள்வி. சால்மண்ட் சில நிமிஷ நேரம் விஸ்தாரமாகப் பதில் சொன்னார். பாங்கின் ரகசியச் செய்தியை லண்டன் கஜானா இலாகா பி.பி.சி.க்கு முன்கூட்டியே கசியவிட்டது என்றும் குற்றஞ் சாட்டினார். அன்று மாலைச் செய்தியில் ராபின்ஸன், முதல் மந்திரி பதில் சொல்லவில்லை என்று பொருள்படக் கூறினார். பதில் திருப்திகரமாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது ஓர் அபிப்பிராயம். சொல்லவே இல்லை என்பது வேறு. கூட்டத்தின் முழுப் படமும் யாரும் பார்க்கும்படி இருந்ததால் விஷயம் உடனே வெளிப்பட்டுவிட்டது. 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோவில் உள்ள பி.பி.சி. கட்டிடத்தின் முன் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிக் கோஷமிட்டார்கள். ஒரு செய்தி ஸ்தாபனத்தின் வாசலில் கும்பல் கூடுவதை நான் விரும்புகிறவன் அல்லன். ஆனால் அந்தக் கும்பல் ஏன் கூடியது என்பது எனக்கு விளங்குகிறது.

நிபுணர்களின் விஷயத்துக்கு வருவோம். இதில் மிகவும் ருசிகரமானது ஒரு பெருக்கல் கணக்கு.

2014 மே மாதக் கடைசியில் லண்டன் கஜானா இலாகா, சுதந்திர ஸ்காட்லாந்து தன் சர்க்காரை அமைத்துக்கொள்வதற்கு மட்டும் 270 கோடி பவுன் வரையில் செலவாகலாம் என்று பத்திரிகைகளுக்குத் தெரிவித்தது. ஆதாரம் கேட்டால், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆராய்ச்சி என்றார்கள். பிரசித்தமான ஸ்தாபனம், பெயரைச் சொன்னாலே போதும். தலைப்புகள் பெரிய எழுத்தில் வந்தன. அந்த ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் பாட்ரிக் டன்லீவி இதைப் பார்த்துத் திடுக்கிட்டார். பல வருஷங்களுக்கு முன் அவர் வேறொரு சந்தர்ப்பத்தில், லண்டனில் புதிதாக ஒரு மந்திரி இலாகாவை அமைப்பதற்கு ஒன்றரைக் கோடி பவுன் ஆகிறது என்று கணக்கிட்டிருந்தார். கஜானா இலாகாவில் யாரோ ஒரு புத்திசாலி, ஸ்காட்லாந்தில் 180 பொது ஸ்தாபனங்கள் இருப்பதாக ஒரு பட்டியலைப் பார்த்து, ஒன்றரைக் கோடியை 180-ஆல் பெருக்கிவிட்டார்! 270 கோடி வந்துவிட்டது. பட்டியலில் உள்ளவை பெரிய மந்திரி இலாகாக்களுக்கு எவ்விதத்திலும் ஈடானவை அல்ல. ஊருக்குள் பெரிய மிராசுதார் வீடு கட்ட ஆன செலவைத் தெருவிலுள்ள மாட்டுக் கொட்டகை, வைக்கோற்போர் உள்படக் கதவு எண் போட்ட ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டினால் எப்படியோ அப்படி. என் வகுப்பில் ஒரு பையன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், பெருக்கலுக்கு மார்க்குக் கொடுத்துவிட்டு, கேள்வியைப் படிக்கவில்லை என்று பக்கத்தில் எழுதியிருப்பேன்.

சர்க்கார் சொன்ன தொகை பன்னிரண்டு மடங்கு அதிகம் என்று டன்லீவி பகிரங்கமாகக் கண்டித்தார். உடனடி அமைப்புச் செலவு 20 கோடி பவுனை ஒட்டித்தான் இருக்கும் என்பது அவர் பின்னால் கண்ட கணக்கு. கஜானா இலாகாவின் அறிக்கை மே 28-ந் தேதி முறையாக வெளிவந்தபோது 270 கோடி பின்னுக்குப் போய்விட்டது. கியூபெக் மாகாணத்தைப் பற்றி ஒரு கனடாப் பேராசிரியர் எழுதியதை வைத்து 150 கோடி என்று வேறொரு தொகை முன்னால் வந்தது. ஆனால் தலைப்பைப் படித்தவர்களுக்கு 270-தான் ஞாபகம் இருக்கும். திருத்தம் தலைப்பின் அளவுக்கு அச்சாவதில்லை.

அதே மே 28-ந் தேதி நடந்த இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய ராஜ்யத்தில் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் வருஷத்துக்கு 1,400 பவுன் லாபம் என்று லண்டன் மந்திரி டானி அலெக்ஸாண்டர் அறிவித்தார். (இவரும் ஸ்காட்லாந்துக்காரரே.) பிரிந்துபோனால் பதினைந்து வருஷத்தில் தலைக்கு வருஷம் 1,000 பவுன் லாபம் என்று சால்மண்ட் அன்றே அறிவித்தார். இரண்டும் நிபுணர்கள் கணக்குத்தான்! 1,400 பவுனைக் கொண்டு என்னென்ன வாங்கலாம் என்று கஜானா இலாகா ஒரு படப் பட்டியலும் வெளியிட்டது. இத்தனை வாரத்துக்கு வறுத்த மீன், இத்தனை பேருக்குத் தின்பண்டம் என்று 'லெகோ' பொம்மைகளைக் கொண்டு படம் போட்டிருந்தார்கள். அந்தப் பொம்மைக் கம்பெனி, எங்களை அரசியலுக்கு இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் படங்களை எடுத்துவிட்டார்கள். முந்நூறு வருஷத்து இணைப்பின் பெருமையைச் சொல்ல ஒரு ராஜ்யத்துக்கு மீன் வறுவல்தானா கிடைத்தது என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நாணய விஷயம் இவ்வளவு இலேசானதல்ல. பிரிந்த பிறகும் பவுன் நாணயத்தையே இரு தேசங்களும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது சால்மண்டின் திட்டம். இதை அவர் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஸப் ஸ்டிக்லிட்ஸ், ஜேம்ஸ் மிர்லீஸ் என்னும் இருவர் அடங்கிய நிபுணர் குழு 2013-இல் சிபார்சு செய்தது. எதிர்த் தரப்பிலும் நோபல் பரிசு இருந்தது. ஓட்டெடுப்புக்குச் சுமார் பத்து நாள் முன் பால் க்ருக்மன், சொந்த நாணயம் இல்லாத சுதந்திரம் அபாயகரமானது என்று ஐரோப்பாவின் கஷ்டங்களை எடுத்துக்காட்டி எழுதினார். பயமுறுத்தல்களுக்கு ஆதாரம் சொற்பம் என்று ஸ்டிக்லிட்ஸ் 'ஸண்டே ஹெரால்டி'ல் எழுதினார். குடியானவன் என்ன செய்வான்? எந்த நோபலை எந்த நோபலால் வகுப்பான்?

என் அபிப்பிராயத்தில் இந்த வாதத்தில் க்ருக்மன் சொன்னதில் பலம் அதிகம். இங்கிலாந்து பாங்கின் கவர்னர் மார்க் கார்னி ஜனவரி மாதம் எடின்பரோவில் செய்த பிரசங்கத்தில், பொது நாணயம் வேண்டுமானால் ஓரளவு சுயாதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று நிதானமாக விளக்கினார். அதுதான் நிபுணர் பேசும் முறை: இதைச் செய்தால் அது நேரும் என்று சொல்லி, செய்யலாமா என்பதை ஜனங்களிடம் விட்டுவிடுவது. ஆனால் பிப்ரவரி 13-ந் தேதி நடந்தது வேறு ரகம். நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கு வந்து பொது நாணயத்துக்கு இடமே இல்லை என்றார். அன்றைக்கே கஜானா இலாகாவின் நிரந்தரக் காரியதரிசி சர் நிக்கலஸ் மக்ஃபர்ஸன் தமக்கு எழுதிய ஆலோசனைக் கடிதத்தையும் வெளியிட்டார். உத்தியோகஸ்தர்கள் மந்திரிக்கு அந்தரங்கமாகச் சொல்லும் யோசனை வெளியே வருவது அங்கே வழக்கமில்லை. ராஜ்யத்தின் நிலைப்புக்கே ஆபத்து என்னும் சந்தர்ப்பத்தில் சாதாரண விதிகள் பொருந்தா என்று மக்ஃபர்ஸன் பின்னால் சமாதானம் சொன்னார். லண்டன் பார்லிமெண்டின் கமிட்டியே 2015 மார்ச்சில், அந்தக் கடிதத்தை வெளியிட்டிருக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அதே கமிட்டி எடின்பரோ சர்க்காரையும் விடவில்லை. அது வெளியிட்ட பெரிய வெள்ளை அறிக்கையில், கட்சியின் தேர்தல் வாக்குறுதிகளையும் பொதுப் பணத்தில் அச்சிட்டது தவறு என்றது. இரண்டும் நியாயமான கண்டனங்களே.

நாணய நிபுணர்கள் விஷயத்தில் நம் தேசத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. 1926-இல் ஹில்டன் யங் கமிஷன், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விகிதம் வைக்கச் சிபார்சு செய்தது. சர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ், ஒரு ஷில்லிங் நாலு பென்ஸே போதும் என்று தனிக் குறிப்பு எழுதினார். விஞ்ஞானம் ஒன்றுதான், ஆனால் விகிதத்தால் யார் பிழைப்பார், யார் நஷ்டப்படுவார் என்பது விஞ்ஞானமல்ல. பெரியவர்கள் அப்போது நடத்திய வாதங்களைப் படித்திருப்பவர்களுக்கு 2014-இன் எடின்பரோ அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

பேசிய நிபுணரைவிடப் பேசாமல் வைக்கப்பட்ட நிபுணரின் கதைதான் எனக்கு அதிகக் கோபம் ஊட்டியது. வட கடலில் எண்ணெய் கிடைத்த புதிதில், 1974-ஆம் வருஷம், ஸ்காட்டிஷ் காரியாலயத்தின் பொருளாதார அதிகாரி கவின் மக்ரோன் மந்திரிகளுக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். சுதந்திர ஸ்காட்லாந்துக்கு இந்த எண்ணெயினால் கூச்சப்படும் அளவுக்கு உபரிப் பணம் சேரும், அதன் நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவான நாணயங்களில் ஒன்றாக இருக்கும் என்பது அதன் சாராம்சம். "எண்ணெய் எங்களுடையது" என்று சுதந்திரக் கட்சியார் தெருத் தெருவாகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று வெளியே சொல்லப்பட்டது. மிகையில்லை என்று உள்ளே எழுதப்பட்டது. அறிக்கையில் 'ரகசியம்' என்று முத்திரை குத்திப் பூட்டி வைத்தார்கள். 1979-இல் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டசபை வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. வோட்டளித்தவர்களில் நூற்றுக்கு 51.6 பேர் வேண்டும் என்றார்கள். மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு 40 பேர் வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்ததால் அதுவும் பயனற்றுப் போயிற்று. அப்போதும் அந்த அறிக்கை பூட்டுக்குள்தான். 2005-இல், தகவல் பெறும் சட்டம் அமலுக்கு வந்த பிறகே, அது வெளியே வந்தது. முப்பது வருஷம்! எண்ணெயின் பெரும் பகுதி அதற்குள் எடுத்துச் செலவழிந்துவிட்டது.

இதைக் கேட்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 2014-இல் லண்டன் நிபுணர் சொன்ன ஒன்றையும் நம்ப மறுத்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அவநம்பிக்கையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எதிரி சொன்னதெல்லாம் பொய் என்று வைத்துக்கொண்டால் நம்மவர் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடும். எண்ணெய் விஷயத்தில் அதுதான் நடந்தது. எடின்பரோவின் வெள்ளை அறிக்கை, பீப்பாய் சுமார் 110 டாலர் விற்கும் என்று வைத்து, 2016-17-இல் ஸ்காட்லாந்துக்கு எண்ணெய் வருமானம் 680 கோடியிலிருந்து 790 கோடி பவுன் வரை வரும் என்று கணக்கிட்டது. லண்டனின் வரவு செலவுக் காரியாலயம் இதைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னபோது, அது வேண்டுமென்றே சொல்லும் அபசகுனம் என்று தள்ளிவிட்டார்கள். எண்ணெய்த் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்த சர் இயன் வுட், இன்னும் எடுக்கக்கூடியது 2,400 கோடி பீப்பாய் அல்ல, 1,500 முதல் 1,650 கோடி வரைதான் என்று ஆகஸ்டு மாதம் சொன்னார். அவரையும் சந்தேகித்தார்கள். நடந்தது என்ன? அந்த வருஷக் கடைசிக்குள் விலை 60 டாலருக்குக் கீழே இறங்கிற்று. 2016 ஜனவரியில் 30 டாலரைத் தொட்டது. 2016-17-இல் எடின்பரோ சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே வந்த வருமானம் 20 கோடி 80 லட்சம் பவுன். அதற்கு முந்திய வருஷம் 6 கோடி! லண்டன் காரியாலயத்தின் எண்ணும் பொய்த்துத்தான் போயிற்று. அவர்கள் சொன்ன அளவுகூட வரவில்லை. ஆனால் எடின்பரோவின் பிழை மிகப் பெரியது. சுதந்திரம் கிடைத்திருந்தால் அது பிறந்திருக்க வேண்டிய முதல் வருஷத்திலேயே கஜானாவில் இந்தப் பள்ளம் விழுந்திருக்கும். சுதந்திரத்தை விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பின் எச்சரிக்கைகளுக்கும் காலம் தன் பதிலைச் சொல்லிற்று. ஸ்காட்லாந்து பிரிந்தால் ஐரோப்பிய யூனியனில் சேருவது மிக மிகக் கஷ்டம், அநேகமாக அசாத்தியம் என்று ஐரோப்பியக் கமிஷன் தலைவர் பாரோஸோ 2014 பிப்ரவரியில் பி.பி.சி.யில் சொன்னார். ஐரோப்பிய நீதிமன்றத்தின் மாஜி நீதிபதி சர் டேவிட் எட்வர்டு, சட்டப்படி அப்படி இல்லை; பேச்சு வார்த்தை நடத்தியே ஆகவேண்டும் என்று விளக்கினார். முன்னவர் சொன்னது எல்லாருக்கும் தெரிந்தது. பின்னவர் சொன்னது படித்தவர்களுக்குத் தெரிந்தது. ஐரோப்பாவில் இருக்க வேண்டுமானால் 'இல்லை' என்று போடுங்கள் என்று பிரசாரம் நடந்தது. அப்படியே போட்டார்கள். 2016-இல் ஐக்கிய ராஜ்யம் முழுவதிலும் நடந்த வேறொரு ஓட்டெடுப்பில் ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் ஐரோப்பாவோடு இருக்கவே வோட்டளித்தார்கள். இங்கிலாந்தின் வோட்டு அதை மூழ்கடித்தது. 2020 ஜனவரி 31-ந் தேதி ஸ்காட்லாந்தும் சேர்ந்து வெளியேறிற்று.

கடைசி இரண்டு வாரத்தின் பரபரப்பை அதிகம் வர்ணிக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 7-ந் தேதி ஒரு கருத்துக் கணிப்பு 'ஆம்' பக்கத்துக்கு 51 என்று சொன்னவுடன் லண்டனில் பீதி உண்டாயிற்று. பவுன் விலை சரிந்தது. 16-ந் தேதி 'டெய்லி ரிக்கார்டு' தன் முதல் பக்கத்தில், பழைய தோல் சாஸனத்தைப் போல் சித்திரம் போட்டு, காமரன், மிலிபாண்டு, கிளெக் ஆகிய மூன்று தலைவர்களின் கையெழுத்தோடு, ஸ்காட்லாந்துக்கு மேலும் அதிகாரங்கள் தருவதாக ஒரு 'பிரதிக்ஞை'யை வெளியிட்டது. பத்திரிகை செய்தி சொல்வதை விட்டுச் செய்தியைத் தானே தயாரித்த நாள் அது. அப்பக்கத்தைத் தயாரித்த பத்திரிகாசிரியர் பிற்காலத்தில் சுதந்திரத்துக்கு ஆதரவாக மாறி, அந்தக் கட்சியிலேயே செய்தித் துறைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பதை நேயர்கள் அறிந்தால் புன்சிரிப்புக் கொள்வார்கள். 19-ந் தேதி காலையில், முடிவு வந்த சூட்டோடு, பிரதம மந்திரி காமரன் ஸ்காட்லாந்தின் அதிகாரங்களோடு இங்கிலாந்து அங்கத்தினர்களின் உரிமையையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்.

பத்திரிகை விஷயத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. ஓட்டெடுப்பு முடிந்த இரண்டு மாதத்தில், நவம்பர் 24-ந் தேதி, சுதந்திரத்தை ஆதரிக்கும் 'நேஷனல்' என்னும் தினசரி தோன்றியது. அதையும் 'ஹெரால்டு' கம்பெனிதான் நடத்துகிறது! வாடிக்கை இருப்பது தாமதமாகத் தெரிந்தது போலும். 'ஸண்டே ஹெரால்டு' 2018-இல் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டெடுப்பு நடத்த எடின்பரோ பார்லிமெண்டுக்குச் சுயமாக அதிகாரம் இல்லை என்று 2022 நவம்பர் 23-ந் தேதி லண்டன் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்தது.

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் 'தற்காலக் கல்வி' என்று ஒரு பாடம் உண்டு. ராஜ்ய விவகாரங்களும் சமூக விஷயங்களும் அதில் அடங்கும். அதன் பரீட்சையில் பையனுக்கு இரண்டு மூன்று ஆதாரங்களையும் ஒருவருடைய கூற்றையும் கொடுத்து, "இவர் ஆதாரங்களில் தமக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பொறுக்கியிருக்கிறார் என்று காட்டுக" என்று கேட்பது வழக்கம். ஆதாரம் ஒன்றில் இன்னது சொல்கிறது, அதை விட்டுவிட்டார். ஆதாரம் இரண்டில் இன்னது சொல்கிறது, அதை மட்டும் எடுத்தார் என்று வரிசையாக எழுத வேண்டும். 2014-ஆம் வருஷம் வசந்த காலத்தில் இந்தப் பரீட்சையை எழுதிய பதினாறு வயதுப் பிள்ளைகள், இலையுதிர் காலத்தில் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், ராபின்ஸன் கேள்வி கேட்ட அதே செப்டம்பர் 11-ந் தேதி, கிளாஸ்கோவில் ஒரு பெரிய அரங்கத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இளம் வாக்காளர்கள் கூடித் தலைவர்களைக் கேள்வி கேட்டார்கள். அந்த வயதினருக்கு வோட்டுரிமை அந்த ஒரு தடவைக்கு மட்டும் என்றே முதலில் கொடுக்கப்பட்டிருந்தது. 2015-இல் எடின்பரோ பார்லிமெண்ட் தன் தேர்தல்கள் அனைத்துக்கும் அதை நிரந்தரமாக்கிச் சட்டம் செய்தது. பிரிவினையை எதிர்த்த கட்சிகளும் அதற்குச் சம்மதித்தன.